நான் வந்தால் நிற்கும் பேச்சு

கேட்டின் கொண்டியைத் தூக்கப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்குள் யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் அப்படிச் சிரிக்கிற பெண் கிடையாது. நான் சிரித்தால் மூக்கில்தான் சத்தம் வரும். என் மாமியார் மருதி சிரித்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள், வந்த இடத்தில் கொஞ்சமும் கூச்சம் இல்லாத ஆள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலையில்தான் பல்லடத்திலுள்ள அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனவள், போன இடத்தில் அம்மாவோடு வாய்ச்சண்டை வந்து, மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன். அந்தக் கோபத்திலும் அம்மா கொடுத்த முருங்கைக்கீரையை விட்டுவிட்டு வரவில்லை. போத்தனூரில் இறங்கி வெயிலில் நடந்து, வாடிப்போன கீரைக்கட்டோடு கேட் முன்னால் நின்றேன். தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு கோடை. உதிர்ந்த வேப்பம்பூ செருப்புக்கு அடியில் நசுங்கி மணத்துக்கொண்டிருந்தது.

உள்ளே பேச்சு தொடர்ந்தது. கேட்பதற்குத் தமிழ் மாதிரியே இருந்தது, ஆனால் தமிழ் இல்லை. தெரிந்த சொல் ஒன்று வரும். அது என்ன என்று பிடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அந்தப் பெண் யாரையோ நடித்துக் காட்டினாள். குரலைத் தடிப்பாக்கி இழுத்தாள், அதட்டினாள். என் மாமனார் நஞ்சன் சிரித்துச் சிரித்து இருமினார். இருமல் அடங்கட்டும் என்றுகூட விடாமல் அவள் அடுத்ததை ஆரம்பித்தாள்.

அது என் மாமியாரின் குரல் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கொண்டியைத் தூக்கினேன். அதற்கு நாங்கள் எண்ணெய் காட்டியதே இல்லை, தூக்கினால் தெருமுனை வரை கேட்கும். பேச்சு நின்றது. மூச்சு இழுக்கிற நேரத்துக்குள் தமிழில் மறுபடி தொடங்கியது.

"ஏனுங்க, வெயிலு நெம்ப சாஸ்தியா இருக்குதுங்க" என்றார் மாமியார், மாமனாரைப் பார்த்து.

"ஆமாமா, நெம்ப சாஸ்தி" என்றார் அவர்.

பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். மாமியார் எழுந்து நின்றார்.

"வாங்க அம்மணி. சீக்கிரமே வந்துட்டீங்க. மேலுக்குச் சரியில்லீங்களா?"

சிரித்ததில் கண்ணில் வந்திருந்த நீரை அவசரமாகத் துடைத்திருந்தார். கன்னத்தில் இன்னும் ஈரம் இருந்தது. கீரைக்கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ சோதனை போட வந்த ஆபீசர் மாதிரி உள்ளே போனேன்.

கொடுமை உண்டா என்று கேட்பவர்களுக்கு

எங்கள் கல்யாணக் கதையை இந்தத் தொடரில் எழுதியதிலிருந்து, பார்க்கிற பெண்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மாமியார் கொடுமை இருந்ததா? பெண் கிறிஸ்தவள், பையன் இருளர் வீடு, நடந்தது ரெஜிஸ்டர் கல்யாணம். இவ்வளவும் இருக்கும் இடத்தில் கொடுமை மட்டும் இல்லாமலா போய்விடும் என்று அவர்களுக்கு ஓர் ஆசை.

அவர்களை ஏமாற்றுவதற்கு வருத்தமாக இருக்கிறது. என் மாமியார் என்னை வாங்க, போங்க என்றுதான் கூப்பிட்டார். மருமகளை. நான் வாசலில் நுழைந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அது எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ‘ங்க’ போடாமல் பேசவே வராது என்பார்கள். எங்கள் தெருவுக்கு வரும்போது மட்டும் அதை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வருவார்கள். என் அப்பா பண்ணையத்தில் கூலி வேலை செய்தவர். பண்ணையத்துக்காரர் வீட்டில் அப்போதுதான் நடக்கப் பழகிய பிள்ளைகூட அவரை ‘டேய்’ என்றுதான் கூப்பிடும். அப்பா ‘சொல்லுங்க சாமி’ என்று அந்தப் பிள்ளை முன்னால் குனிவார்.

அங்கிருந்து வந்தவளைப் பார்த்து, அம்மா வயதுள்ள ஒருவர் எழுந்து நின்று ‘வாங்க அம்மணி’ என்றால், ஏன் என்றா கேட்கத் தோன்றும்? நான் கேட்கவில்லை. மார்கழி மாதத்தில் வெந்நீர் கிடைத்த மாதிரி அனுபவித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மாவுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. "அவிய உன்னைய மகாராணியாட்ட வெச்சிருக்கறாங்க" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த மரியாதைக்குள் பயமும் கலந்திருந்தது என்பது என் காதில் விழவே இல்லை.

ஒரு கேள்வி

அன்று சாயங்காலம் என் கணவர் வெள்ளியங்கிரி வேலை முடிந்து வந்தார். பம்ப் செட் கம்பெனியில் ஃபிட்டர். நானும் அங்கேதான் டைப்பிஸ்டாக இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்களும் வாங்க வருகிறவர்களுமாக வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும்.

அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்க் கேட்டேன். "நான் வந்ததும் ஏன் பேச்சை நிறுத்திட்டாங்க?"

"எப்பவுமே நிறுத்துவாங்க. உனக்கு இப்பத்தான் தெரியுதா?"

"எதுக்கு?"

"நீதான கேட்ட."

"நானா? நான் என்ன கேட்டேன்?"

"கல்யாணமாகி வந்த மக்யாநாளு காலைல, ரெண்டு பேரும் அடுப்படில நின்னு பேசிட்டிருந்தாங்க. என்னையப் பத்தியா பேசறாங்கன்னு எங்கிட்டக் கேட்டே. நான் அத அம்மாகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அம்மா சிரிக்கல."

யோசித்துப் பார்த்தேன். கேட்டிருப்பேன். புதிதாக வந்த எந்தப் பெண்ணும் கேட்கக்கூடியதுதான். கேட்ட கையோடு மறந்தும் போயிருப்பேன்.

"அப்ப அவங்க என்ன பேசிட்டிருந்தாங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உனக்குக் காப்பியா டீயான்னு."

தார் ரோட்டில் போட்ட சட்டம்

என் கேள்விக்கு முன்பே அந்தச் சட்டம் இருந்திருக்கிறது. மாமனார் போட்ட சட்டம்.

ஆனைகட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் அவர்களுடைய பதி. இருளர் குடியிருப்பை அப்படித்தான் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் மாமனார் தன் தம்பியோடு அங்கிருந்து இறங்கி, ரோடு போடுகிற ஒரு கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஜல்லி கொட்டிக்கொண்டே தம்பியிடம் தங்கள் பேச்சில் ஏதோ சொல்லியிருக்கிறார். தம்பி சிரித்திருக்கிறார். பக்கத்தில் நின்ற மேஸ்திரிக்கு, தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. இரண்டு பேரையும் சூடான தாருக்குப் பக்கத்திலேயே பொழுது சாயும் வரை கையைக் கட்டி நிற்க வைத்தார்.

அதன் பிறகு மாமனார் ரயில்வேயில் கேங்மேன் ஆனார், போத்தனூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, ரிட்டயர் ஆகிற சமயத்தில் சொந்த வீடும் கட்டினார். எங்கே போனாலும் அந்தச் சட்டம் கூடவே போனது. வேற்று ஆள் ஒருவர் இருந்தாலும் தமிழில்தான் பேச வேண்டும். முதலில் அது பயமாக இருந்தது. வருஷம் போகப் போக மரியாதை ஆகிவிட்டது. புரியாத ஒருவர் முன்னால் தங்கள் பேச்சைப் பேசுவது, எதிரே இருப்பவருக்குக் கொடுக்காமல் தான் மட்டும் சாப்பிடுவது மாதிரி என்று அவர்கள் மனதார நம்பினார்கள்.

என் கணவரே அதற்குச் சாட்சி. பள்ளிக்கூடத்தில் பேச்சைக் கிண்டல் செய்தார்கள் என்று சிறு வயதிலேயே அதை விட்டவர். அப்பா அம்மா பேசினால் புரியும், பதில் தமிழில்தான் வரும்.

வேற்று ஆள் போன பிறகு வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்பது சட்டத்தில் இருந்த சலுகை. நான் வந்தேன். வந்தவள் போகவே இல்லை.

ரேஷன் கடைக்கு இரண்டு பேர்

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மாமனாரும் மாமியாரும் ரேஷன் கடைக்குச் சேர்ந்துதான் போவார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கிற கடைக்கு, தண்டவாள ஓரமாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். சர்க்கரைப் பையைத் தூக்க இரண்டு ஆள் எதற்கு என்று நான் கேலி செய்வேன். இந்த வயசிலும் ஜோடியாக நடக்கிற ஆசையைப் பாரேன் என்று பக்கத்து வீட்டு பல்கீஸ் அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவர்கள் பேசுவதற்காகப் போயிருக்கிறார்கள். சொந்த வீட்டில் இடம் இல்லாமல், ரயில் போகிற சத்தத்துக்கு நடுவில் பேசிவிட்டு வந்திருக்கிறார்கள்.

நான் அவர்களை முதல்முறையாக ஒளிந்து கேட்ட அந்தக் கோடைக்குள் மாமனாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. கேட் வரை நடந்தாலே நின்றுவிடுவார். ரேஷன் கடைக்கு மாமியார் தனியாகப் போய்வந்தார். வீட்டிலோ நானும் என் தையல் மெஷினும் ஜாக்கெட் கேட்டு வருகிறவர்களும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ‘வெயில் சாஸ்தி’, ‘தண்ணி வந்துதுங்களா’ என்று பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொண்டவர்கள் மாதிரி தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் மாமியாரிடம் கேட்டேன். "அத்தை, உங்க பேச்சை எனக்கும் சொல்லிக் கொடுங்க. நானும் பேசறேன்."

முந்தானை வாய்க்குப் போனது. "அந்தக் காட்டுப் பேச்சு உங்களுக்கெதுக்குங்க அம்மணி. நாக்குல ஒட்டிக்கிச்சுன்னா நாலு பேரு முன்னால வாயில வந்துபோடும்."

நான் மறுபடி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அவர் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பல்லடத்துத் தெருவிலிருந்து தட்டுத்தடுமாறி ஒரு படி ஏறி வந்தவள் நான். ‘காட்டுப் பேச்சு’ என்று ஊர் சொல்கிற ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு, ஏறிய படியிலிருந்து இறங்க எனக்கு மனசில்லை. என் அப்பாவை ‘டேய்’ என்றவர்கள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் உண்டு. அவர்கள் பார்த்த அதே பார்வையைத்தான் நானும் வைத்திருந்தேன். இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

கற்றுக்கொள்வதற்குப் பதிலாகச் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். வெளியே போய்விடுவது.

பிளாட்ஃபாரத்து பெஞ்ச்

சாயங்காலம் மெஷினை மூடிவிட்டு, "ஸ்டேஷன் பக்கம் நடந்துட்டு வாரேனுங்க அத்தை" என்று கிளம்பிவிடுவேன். போத்தனூர் ஸ்டேஷனில் கடைசி பெஞ்ச் எனக்குப் பழக்கமானது. வேர்க்கடலை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம்போல உட்கார்ந்திருப்பேன். பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற வண்டிகளில் ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு பாஷை கேட்கும். எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டு போவார்கள். யாரும் யாருக்காகவும் குரலைத் தணிப்பதில்லை.

திரும்பி வந்து, வேண்டுமென்றே கொண்டியைப் பலமாக ஆட்டுவேன். உள்ளே பேச்சு நிற்பது கேட்கும். பிறகுதான் கதவைத் தள்ளுவேன். ஏதோ பெரிய தானம் செய்த திருப்தி எனக்கு.

இதைத் தெரு வேறு மாதிரி புரிந்துகொண்டது. பல்கீஸ் அக்கா ஒரு நாள் ஜாக்கெட் துணியோடு வந்து மெதுவாக ஆரம்பித்தார். "ஏன் எஸ்தரு, மாமியாளுக்கும் உனக்கும் ஆகறதில்லியா? தெனமும் ஸ்டேஷன்ல போயி உக்காந்துக்கறியாமா?"

"அதெல்லாம் இல்லீங்க்கா. காத்து வாங்கப் போறேன்" என்றேன்.

"எஞ்சின் புகையிலயா?" என்றார். நான் டேப்பை எடுத்து, குனிந்து அவர் ஜாக்கெட்டுக்குக் கை அளவு எடுத்தேன்.

மொழிகள் அழிவதைப் பற்றி இப்போது கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். பாட்டு போய்விடும், கதை போய்விடும், செடிகொடிகளின் பெயர் போய்விடும் என்றார்கள். அதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்தது அதைவிடச் சின்னது. என் மாமியார் தமிழில் ஒரு பயந்த மனுஷி. கேட்டதற்குப் பதில் சொல்வார், அதற்கு மேல் பேச மாட்டார். அன்று கேட்டுக்கு வெளியே நின்று நான் கேட்டேனே, அந்த வாயாடி, அந்த நடிப்புக்காரி, புருஷனைச் சிரிக்க வைத்தே இரும வைக்கிறவள், அவள் அந்தப் பேச்சுக்குள் மட்டும்தான் இருந்தாள். ஒரே சமையலறையில் இத்தனை வருஷம் புழங்கியும் அவளோடு எனக்கு அறிமுகம் ஆகவில்லை. அப்படி ஒரு ஆள் நம் வீட்டில் இருக்கிறாள் என்பதே தெரியாமல் இருந்துவிட்டேன்.

பதியிலும் இப்போது பிள்ளைகள் ஹாஸ்டலில் படித்துவிட்டுத் தமிழோடுதான் திரும்பி வருகிறார்கள் என்று என் கணவரின் சித்தப்பா மகன் சொன்னான். பிறகு பிறந்த என் மகனையும் மாமியார் தமிழில்தான் கொஞ்சினார்.

காப்பி

மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது மழைக்காலத்தில். சில நாள் நினைவு தப்பியிருந்தவருக்கு ஒரு மத்தியானம் தெளிவு வந்தது. என் கணவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஃப்ளாஸ்க்கோடு நான், அந்தப் பக்கம் மாமியார்.

மாமனார் கண்ணைத் திறந்து மாமியாரைப் பார்த்தார். அவர்களுடைய பேச்சில் பேச ஆரம்பித்தார். மெதுவாக, ஆனால் விடாமல். மாமியார் குனிந்து கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தவர், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். விருந்தாளி முன்னால் பிள்ளை ஏதாவது கேட்டுவிட்டால் அம்மாக்கள் சங்கடத்தோடு பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. காய்ச்சல்ல என்னமோ ஒளர்றாருங்க."

அது உளறல் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அந்த நிமிஷமே நான் வெளியே போயிருக்க வேண்டும். காப்பி வாங்கி வருகிறேன் என்று ஒரு வார்த்தை போதும். தினமும் வீட்டில் செய்ததுதானே.

நான் போகவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் மருமகள் எழுந்து போனால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. தெரு முழுக்க ஸ்டேஷன் கதை பேசியிருக்கிறதே, இங்கேயாவது நல்ல மருமகளாக நிற்போம் என்று நின்றேன். போர்வையைக்கூட இழுத்து விட்டேன்.

மாமனார் மறுபடி பேசினார். இந்தத் தடவை ஒரே வாக்கியம். குரல் உயர்ந்து முடிந்ததை வைத்து, ஏதோ கேட்கிறார் என்று மட்டும் புரிந்தது. பதிலுக்காக மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தமிழில் சொன்னார். "அம்மணி நிக்கறாங்க பாருங்க. தமிழ்ல சொல்லுங்க."

அவர் என்னைத் தேடினார். கண் என்மேல் வந்து நிலைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எச்சில் விழுங்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"வாங்க அம்மணி. காப்பி குடிச்சீங்களா?"

"குடிச்சேனுங்க மாமா" என்றேன். குடித்திருக்கவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தப் பேச்சும் பேசவில்லை. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். மனைவியிடம் அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. மாமியாரிடம் கேட்கும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

பழக்க தோஷம்

காரியம் முடிந்து, வந்திருந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, நான் மறுபடி மெஷினைத் திறந்தேன். சாயங்காலம் ஆனதும் கால் தானாகச் செருப்பைத் தேடியது. யாருக்காகப் போகிறேன் என்று யோசிக்காமலே போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். திரும்பி வந்து கொண்டியை ஆட்டினேன். உள்ளே நிற்பதற்குப் பேச்சு எதுவும் இல்லை. அப்படியும் மறுநாள் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். வீட்டில் அந்த நேரத்தில் மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போய்க் கொண்டியில் கை வைத்தேன்.

"அம்மணி."

"சொல்லுங்க அத்தை."

"ஸ்டேஷனுக்குங்களா?"

"ஆமாங்க. சித்த நடந்துட்டு வாரேன்."

அவர் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. எப்போதும்போல மரியாதையாகத்தான் சொன்னார்.

"இனி எதுக்குங்க போறீங்க? ஊட்டுலயே இருங்க. நீங்க போனாலும் இனி நான் ஆருகிட்டப் பேசப்போறேனுங்க."

கொண்டியிலிருந்து கையை எடுத்தேன். அத்தனை நாளும் நான் எதற்காகப் போனேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நான் போகாமல் நின்றதும் தெரிந்துதான் இருக்கும்.

செருப்பைக் கழற்றிவிட்டு, ஏதாவது பேச வேண்டும் என்று அவர் பக்கத்தில் போனேன். நான் வருவதைப் பார்த்ததும் அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"உக்காருங்க அம்மணி" என்றார்.